ஜெபித்த மேசையிலேயே வேலை தொடங்கட்டும்

கேள்வி: கம்பஸில் இறுதி வருடம் படிக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை மாதக்கணக்காக "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். காலையில் ஜெபித்துவிட்டு எழும்பினால் தேத்தண்ணி, குசினி துப்புரவு, போன் என்று மத்தியானமாகிவிடுகிறது. கர்த்தருடைய வேளை வரட்டும் என்று காத்திருக்கிறேன். அம்மா சோம்பேறி என்கிறா. இது பாவமா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, சோம்பேறி குசினியைத் துப்புரவாக்க மாட்டாள். அந்த ஓர் அத்தியாயத்துக்குத்தான் நீர் பயப்படுகிறீர், மேற்பார்வையாளர் பிழை பிடிப்பாரே என்று. இயேசு சொன்ன உவமையில், எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, நிலத்தில் புதைத்தவனும் "நான் பயந்து" என்றுதான் சொல்கிறான் (மத்தேயு 25:25). ஆனாலும் எஜமான் அவனைச் சோம்பன் என்றே அழைக்கிறார். செய்ய வேண்டிய நன்மையை அறிந்தும் செய்யாமல் விடுவது பாவம் என்று யாக்கோபு 4:17 நேராகவே சொல்கிறது. அதை மழுப்ப எனக்கு மனமில்லை.

கர்த்தருடைய வேளை என்கிறீர். வேதாகமத்தில் பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாரும். கிஸ்லேவு மாதத்தில் எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டவர், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தார். ஏறக்குறைய நாலு மாத ஜெபம். ஆனால் ராஜா கேட்டதும் போய்வரும் காலம், அதிபதிகளுக்கான கடிதங்கள், மரம் எடுக்க வேண்டிய ஆள் எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. பிறகு அந்த அலங்கத்தைத் திரும்பக் கட்டும் வேலை 52 நாளில் முடிந்தது. உமது ஜெபத்தோடு ஒரு பக்கக் குறிப்பாவது வளர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் நீர் காத்திருக்கவில்லை.

நாள் முறிகிற இடம் ஜெபத்துக்கும் கதிரைக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மேசையில் கோப்பைத் திறந்து வைத்து அங்கேயே ஐந்து நிமிடம் ஜெபியும். ஆமென் சொன்ன கையோடு எழுதத் தொடங்கும். என்ன எழுதுவது என்பதை முதல் நாள் இரவே துண்டில் குறித்து வையும். "அத்தியாயம் 3" என்று எழுதினால் பயம்தான் வரும். "வினாக்கொத்தின் 4ஆம் கேள்விக்கு அட்டவணை, அதன் கீழ் ஐந்து வரி" என்று எழுதும். 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் நடை, இப்படி மூன்று தரம். எழுதும்போது திருத்த வேண்டாம். திருத்தத் தொடங்கினால் பயம் திரும்பவும் வந்து குந்திவிடும்.

பலர் வழுக்குவது முதல் நல்ல நாளில்தான். உற்சாகத்தில் ஐந்து மணித்தியாலம் இருந்துவிட்டு, அடுத்த நாள் மேசையைப் பார்க்கவே மனம் வராது. முதல் வாரம் மூன்று தரத்தோடு நிறுத்தும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம், அதே அளவுதான். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை (புலம்பல் 3:23). ஞாயிற்றுக்கிழமை கோப்பைத் தொடவேண்டாம். ஓய்வைக் கொடுக்காவிட்டால் உடம்பு அதைத் திங்கட்கிழமை தானே எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் "எத்தனை பக்கம்?" என்று கேட்க வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தோழியை ஒழுங்குசெய்யும்.

கேள்வி: மதில் கட்டிய மேசனுக்கு மிச்சக் கூலி கொடுக்க வேண்டும். காசு கையில் இருக்கிறது. ஆராதனை முடிய கொடுக்கலாம் என்று மூன்று ஞாயிறு போய்விட்டது. என்ன செய்யலாம்?
— வாசகர், நவாலி

பதில்: ஐயா, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உங்களிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. அந்தக் காசை நம்பி அவர் கடையில் கடன் பட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.