ஜெர்மன் சர்க்கரை, ஆங்கிலச் சர்க்கரை: கேள்வி-பதில்

கேள்வி: ஜெர்மன் மருத்துவ அறிக்கையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். நோயாளி "இஷ் ஹாபே ட்சுக்கர்" என்றாராம். 'என்னிடம் சர்க்கரை உண்டு' என்றே ஆங்கிலத்தில் எழுதலாமா?

பதில்: நம் ஊரில் 'எனக்கு சுகர்' என்றால் யாராவது டப்பாவைத் தேடுகிறார்களா? டயபெட்டீஸ்.

கேள்வி: 'ஆல்டர்ஸ்ட்சுக்கர்' என்பது முதுமைச் சர்க்கரையா?

பதில்: டைப் 2 டயபெட்டீஸ். முப்பது வயதுக்காரருக்கும் வருகிறது, வயதை உள்ளே இழுக்காதீர்கள்.

கேள்வி: 'நூஷ்டர்ன்-ட்சுக்கர்' என்பதைக் 'குடிக்காதபோது எடுத்த சர்க்கரை' என்று எழுதிவிட்டேன், கிளையன்ட் சிரிக்கிறார்.

பதில்: சிரித்ததோடு விட்டாரே! நூஷ்டர்னுக்குப் போதையில்லாத என்றும் பொருள் உண்டு, வெறும் வயிற்றில் என்றும் உண்டு. அகராதியில் முதல் வரியோடு எழுந்து போனால் இப்படித்தான். ஃபாஸ்டிங் குளுக்கோஸ்.

கேள்வி: 'லாங்ட்சைட்-ட்சுக்கர் 7,2' என்றால்?

பதில்: எச்பிஏ1சி, 7.2 சதவீதம். இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டுவது. ஜெர்மன்காரர்கள் தசமத்துக்குக் கமா போடுவார்கள், அதைப் புள்ளியாக்குங்கள். எத்தனை தடவை சொல்வது?

கேள்வி: 'ட்சுக்கர்ஷோக்' = சுகர் ஷாக். சரிதானே?

பதில்: சரியில்லை. இந்த ஒரு சொல்லுக்காக நான் போடாத சண்டை இல்லை. ஆங்கிலம் படிப்பவருக்கு சுகர் ஷாக் என்றதும் சர்க்கரை எகிறிவிட்டது என்றுதான் தோன்றும். ஜெர்மன் பேச்சிலோ பெரும்பாலும் அது சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிப்போவது, அதாவது ஹைப்போகிளைசீமியா. அதே சொல்லை, சர்க்கரை ஏறி கோமாவில் போனதற்கும் சிலர் சொல்லித் தொலைக்கிறார்கள். ஒன்றுக்குக் குளுக்கோஸ், மற்றதற்கு இன்சுலின், மாறினால் ஆளுக்கே ஆபத்து. அதனால் என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று அடுத்த வரியைப் பாருங்கள்: குளுக்கோஸோ, சர்க்கரையை ஏற்றும் ஊசியான குளுக்ககானோ இருந்தால் இறங்கியது, இன்சுலின் ஓடினால் ஏறியது. எதுவுமே இல்லையென்றால் ஊகிக்க வேண்டாம், கிளையன்ட்டைக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். சொல்லிலேயே குழப்பம் இல்லாதது 'உன்டர்ட்சுக்கருங்', அது எப்போதும் இறங்கியதுதான்.

கேள்வி: சர்க்கரை 160, பிரிட்டிஷ் கிளையன்ட். அப்படியே விடலாமா?

பதில்: 160 என்ன? அலகு எங்கே? மில்லிகிராம்/டெசிலிட்டராகத்தான் இருக்கும், 18 ஆல் வகுத்தால் பிரிட்டன்காரர்கள் பார்க்கும் அலகில் சுமார் 9 மில்லிமோல்/லிட்டர். ஆனால் மூல எண்ணை அழிக்காமல் பக்கத்தில் போடுங்கள். ஜெர்மனியிலேயே கிழக்குப் பக்கம் மில்லிமோல் புழக்கம், ஆகவே அலகு பார்க்காமல் வகுக்காதீர்கள்.

கேள்வி: '4 பே-ஏ' என்பது நாலு துண்டு ரொட்டியா?

பதில்: இல்லை. பே-ஏ என்பது ப்ரோட்-ஐன்ஹைட், 'ரொட்டி அலகு' என்பதன் சுருக்கம். ஒன்று சுமார் 12 கிராம் கார்போஹைட்ரேட், நாலுக்கு ஏறக்குறைய 50 கிராம். கிராமிலேயே எழுதுங்கள். 'கா-ஏ' (கார்போஹைட்ரேட் அலகு) என்றிருந்தால் ஒன்றுக்கு 10 கிராம் கணக்கு, எழுத்தைச் சரியாகப் பாருங்கள்.