அமெரிக்காவில் இயந்திரத்தில் செய்யப்படும் பழைய வகைச் சுருட்டுகள், கையால் சுருட்டியவற்றைவிட மட்டமானவையா?

இயந்திரத்தில் சுருட்டிய காரணத்தாலேயே ஒரு சுருட்டு மட்டமாகிவிடுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. இலையை எப்படிப் பாடம் செய்தார்கள் என்பதும், உள்ளே கட்டும் இலையும் மேலே சுற்றும் இலையும் முழு இலைதானா என்பதும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. பென்சில்வேனியாவில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்பதால், லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்து உழவர்கள் புகையிலையைத் தொங்கவிடும் கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன்; சுருட்டின் தரத்தில் பெரும்பங்கு அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கோடையின் இறுதியில் செடியைத் தண்டோடு வெட்டிச் சற்று வாடவிட்டு, தண்டுகளை நீண்ட மரச்சட்டங்களில் கோத்து, கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். கொட்டகைச் சுவரில் உள்ள சில பலகைகளைத் திறந்து மூடலாம். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வானிலையைப் பார்த்து அவற்றைத் திறப்பதும் மூடுவதுமே உழவரின் முக்கிய வேலை. வெட்டிய பிறகும் இலையின் உயிரணுக்கள் உடனே இறப்பதில்லை. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் சுவாசித்தே தீர்க்கின்றன. பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. மிக வேகமாக உலர்ந்தால் பச்சை தங்கிவிடும், ஈரம் மிஞ்சினால் தொங்கும் நிலையிலேயே இலை அழுகும். சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்த இந்த இலையின் புகை காரத்தன்மை உடையது. சர்க்கரை மிகுந்த சிகரெட் புகையிலைக்கு இது நேர் எதிர். சுருட்டுப் புகையை உள்ளிழுக்காமலேயே நிகோடின் வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் சேர்வதற்கு இதுவே காரணம்.

உலர்ந்த இலை தொட்டால் நொறுங்கும் என்பதால், ஈரப்பதமான நாளுக்குக் காத்திருந்தே அதைத் தண்டிலிருந்து பிரிக்கிறார்கள். அதன்பின் குவியலாக அடுக்கியோ பெட்டிகளில் அழுத்தி அடைத்தோ புளிக்க வைக்கிறார்கள். குவியல் தானாகவே சூடேறும், அம்மோனியா வெளியேறும், நடுவில் இருக்கும் இலையை ஓரத்துக்கு மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் சுருட்டில் அம்மோனியா நெடியும் நாக்கைக் கடிக்கும் எரிச்சலும் எஞ்சும். எவ்வளவு திறமையான கையும் அதைச் சரிசெய்ய முடியாது.

பென்சில்வேனியாவின் டன்மோர் என்ற ஊரில் தயாராகும் பரோடி போன்ற இத்தாலிய பாணிச் சுருட்டுகளுக்கான இலை கென்டக்கி, டென்னசி மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே கொட்டகைத் தரையில் ஹிக்கரி, ஓக் போன்ற கடினமான மரங்களையும் மரத்தூளையும் கனலவிட்டு, அந்தப் புகையிலேயே இலையைப் பாடம் செய்கிறார்கள். இவ்வகைச் சுருட்டு உலர்ந்தே இருக்க வேண்டியது. சுருட்டின் ஈரம் காக்கும் பெட்டியில் வைத்துப் பழகியவர்கள் இதைக் கையில் எடுத்ததும் கெட்டுப்போன சரக்கு என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1840-இல் இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் வீலிங்கில் மிஃப்லின் மார்ஷ் தொடங்கிய மெலிந்த நீளச் சுருட்டும் எளிய விலையில் உழைப்பாளிகளுக்காக உருவானதே. 2001-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு, தயாரிப்பு இண்டியானாவின் ஃபிராங்க்ஃபோர்ட்டுக்கு மாறியது.

முதல் உலகப் போருக்குப் பிறகு பரவிய சுருட்டு இயந்திரங்களிலும் முழு இலைதான் பயன்பட்டது. ஒவ்வோர் இயந்திரத்திலும் பெரும்பாலும் நான்கு பெண்கள் அமர்ந்து, கட்டும் இலையையும் மேல் இலையையும் கையாலேயே விரித்து வைத்தார்கள். ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரின் ஜே.சி.நியூமன் தொழிற்சாலையில் 1930-களின் இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. உண்மையான சரிவு 1950-களில் வந்தது. இலைத்துணுக்குகளையும் நரம்புகளையும் பொடியாக்கி, பசை சேர்த்துக் காகிதம்போல் உருட்டிய தாள், கட்டும் இலையின் இடத்தைப் பிடித்தது. பின்னர் பல மலிவான சுருட்டுகளில் மேல் இலைக்கும் அதுவே வந்தது. கிழியாது, வீணாகாது, ஆள் குறைவாகப் போதும் என்பதால் ஆலைகளுக்கு அது ஆதாயம். பாடம் செய்த இலையின் சுவையோ அதில் பெருமளவு போய்விடுகிறது. அந்தக் குறையை இனிப்பும் நறுமணமும் சேர்த்து மறைக்கிறார்கள்.

நன்றாகப் பாடம் செய்த இலை என்பதால் தீங்கு குறையும் என்று யாரும் எண்ண வேண்டாம். பாடம் செய்யும்போதும் புளிக்கும்போதும் இலையிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுவதால், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. நான் இங்கே பேசுவது கைவினையின் தரத்தைப் பற்றி மட்டுமே.

வாங்கும்போது பிரித்தறிய விரும்பினால், பெட்டியில் முழுவதும் புகையிலை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மேல் இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உண்மையான இலையில் நரம்புகள் கிளைத்து ஓடும், நிறம் இடத்துக்கு இடம் சற்று மாறும். பொடித்து உருட்டிய தாளில் நிறம் முழுவதும் ஒரே சீராக இருக்கும். நரம்புபோல் ஏதேனும் தெரிந்தாலும் அது அச்சில் அழுத்திய வரியாக, ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும்.