கல்லணையில் பார்க்க என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், பார்த்தே ஆகவேண்டிய அதிசயங்கள் என்று எனக்குப் பிடித்த சில இடங்களை எழுதியிருந்தேன், இயற்கை செய்தவை கொஞ்சம், மனிதர் செய்தவை கொஞ்சம். கடிதங்கள் நிறைய வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கரூர் வாசகர்: கல்லணைக்கு முதலிடம் கொடுத்திருந்தீர்கள். நம்பி, குடும்பத்தோடு போனோம். ஒரு பாலம், வரிசையாக ஷட்டர், ஒரு பூங்கா, வறுத்த மீன். இதில் என்ன அதிசயம்?

நீங்கள் நின்ற பாலமும் ஷட்டரும் கரிகாலன் காலத்தவை இல்லை, பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலும் அதற்குப் பிறகும் மேலே ஏற்றியவை. பழைய அணை அடியில் கிடக்கிறது. 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், நேர்கோடாக இல்லாமல் பாம்பு மாதிரி வளைந்து போகிறது. அதை யாரும் காட்டித் தராவிட்டால் பார்க்காமலேதான் திரும்பி வருவோம், நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன்.

முதலில் அது எதற்கு அங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு இங்கே மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. சும்மா விட்டால் தண்ணீர் பூராவும் கொள்ளிடத்தில் சரிந்து நேராகக் கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு போகம்கூட விளையாது. அந்தச் சரிவைத்தான் கல்லணை மறிக்கிறது. வெள்ளம் வந்தால் மட்டும் மிச்சத்தைக் கொள்ளிடத்துக்குத் தள்ளிவிடும்.

சரி, கட்டியது எப்படி? அங்கே தோண்டத் தோண்ட மணல்தான், அடித்தளம் போடப் பாறை கிடையாது. கடற்கரையில் அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணல் அரித்துக் கால் உள்ளே இறங்குமே, அதே கதைதான். ஆற்றில் ஒரு பெரிய கல்லைப் போட்டால் நீரோட்டம் அடி மணலை அரிக்கும், கல் தானாகவே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். இனி இறங்காது என்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே போய், நடுவில் களிமண்ணை வைத்து மேலே எழுப்பியிருக்கிறார்கள். எந்த ஆறு அணையைத் தள்ளப் பார்க்கிறதோ அந்த ஆற்றையே வேலைக்கு வைத்துக் கட்டிய அணை ஐயா அது! 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடுவதை இவர்களிடம்தான் கற்றோம் என்று எழுதியே வைத்திருக்கிறார். 1836-இல் அவர் கட்டிய முக்கொம்பு மேலணைக்கும், அப்புறம் கோதாவரியில் தவளேஸ்வரத்தில் 1852-இல் முடித்த அணைக்கும் இந்தப் பாடம்தான் அடிப்படை.

தாஜ்மகால் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முன் போட்ட கல் இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருப்பதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? இன்னொரு தடவை போங்கள், ஜூனில் போங்கள். மேட்டூரை 12-ஆம் தேதி திறக்கிற வருஷமாக இருந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் இங்கே வந்துவிடும். திறந்துவிடும்போது பூவும் நெல்லும் தூவுவார்கள். வெளுத்துக் கிடந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வரும், பின்னாலேயே நுரையோடு தண்ணீர் வரும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அரியலூர் வாசகி: இயற்கை அதிசயம் என்றால் மலையும் அருவியும்தானா? எங்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா?

உங்கள் பக்கத்தில் இருப்பது மாதிரி எங்குமே இல்லையம்மா. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் சாத்தனூர் கல்மரம் பார்த்திருக்கிறீர்களா? (திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை வேறு, வண்டிக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.) சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்திய மரம், 18 மீட்டருக்கு மேல் நீளம், படுத்துக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். பூக்கிற செடி வகைகள் பூமியில் பரவுவதற்கு முந்திய காலத்து மரம் அது. அப்போது அங்கே கடல் இருந்தது. மரம் அடித்து வரப்பட்டு மணலிலும் சேற்றிலும் புதைந்து, மரச்சத்து போன இடத்தில் எல்லாம் மணற்சத்து (சிலிக்கா) ஏறிக் கல்லாகிவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட அடிமரம் என்றுதான் தோன்றும்.

அதே மாவட்டத்தில் காரை என்கிற ஊர்ப் பக்கம் போனால் செம்மண் ஓடைகளில் கடல் உயிரிகளின் தடம் கிடக்கும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் பிள்ளைகள் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மதுரை வாசகர்: தஞ்சைப் பெரிய கோவிலின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். 1010-இல் முடிந்த அந்தக் கோவிலுக்கு இந்தக் கதை தேவையே இல்லை. நான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவு போட்டான், வெட்டியும் வைத்திருக்கிறார்கள். கோவிலுக்கு வந்த ஆடல் பெண்கள் 400 பேரின் பெயர், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரை அதில் இருக்கிறது. நிழலைத் தேடுகிற நேரத்தில் அந்தச் சுவரைப் பாருங்கள்.

சேலம் வாசகி: பிள்ளைகளைப் பிச்சாவரம் கூட்டிப் போகிறோம். படகில் ஒரு சுற்று, அவ்வளவுதானே?

சுற்றுக்குள் நிறைய இருக்கிறது. காலையிலேயே போங்கள், துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு குறுகிய கால்வாய்க்குள் போகாது, சத்தத்தில் பறவையும் நிற்காது. சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குவதைக் காட்டுங்கள். அது காய் இல்லை, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று! உப்புச் சேற்றில் விதை விழுந்து முளைப்பது கஷ்டம் என்பதால் தாய்மரமே முளைக்க வைத்து, வேர் கீழே பார்த்த மாதிரி சேற்றில் குத்தவிடுகிறது. வெண்கண்டல் இலையை உற்றுப் பார்த்தால் உப்பு படிந்திருக்கும், வேண்டாத உப்பை இலை வழியாகத் தள்ளிவிடுகிற மரம் அது. ஆனால் படகுக்காரரைக் கேட்காமல் எந்த இலையையும் தொடவிடாதீர்கள். தில்லை மரமும் அங்கே உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அலையாத்திக் காடு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

கோவை வாசகர்: மூணாறில் குறிஞ்சி பார்க்க எப்போது போகலாம்?

12 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2018-இல் பூத்தது. அந்த வருஷம் பூக்கிற நேரத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து நிறையப் பேரால் போக முடியவில்லை. அடுத்தது 2030, ஆகஸ்டில் இருந்து அக்டோபருக்குள். அங்கே இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு முன்பதிவு செய்துகொண்டு, வார நாளாகப் பார்த்துப் போங்கள்.