மணிலாவில் ஸ்பானிஷ் படிக்கலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, பிளஸ் டூ முடித்த உங்கள் மகளுக்கு ஸ்பானிஷ் படித்து அதிலேயே வேலை தேட ஆசை. "பிலிப்பைன்ஸ் ஸ்பெயின்காரர்கள் முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட நாடு, அங்கே எல்லாரும் ஸ்பானிஷ் பேசுவார்கள், செலவும் ஐரோப்பாவைவிடக் குறைவு" என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டது உண்மை. 1565 முதல் 1898 வரை, 333 ஆண்டுகள். செலவு குறைவு என்பதும் சரி. நடுவில் சொன்னதுதான் தவறு, உங்கள் முடிவு தொங்குவதும் அதில்தான்.

மணிலாவில் தெருவில், பேருந்தில், மருத்துவமனையில் கேட்பது, அந்த வட்டார மொழியான தகாலோகை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோ மொழி. அலுவலகத்திலும் கல்லூரியிலும் ஆங்கிலம். 1987 அரசமைப்புச் சட்டப்படி இந்த இரண்டும்தான் ஆட்சிமொழிகள். ஸ்பானிஷை அரபியோடு சேர்த்து "விருப்பத்தின் பேரில் வளர்க்கப்படும்" மொழி என்று அதே சட்டம் ஒதுக்கிவிட்டது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் இன்று மிகச் சில.

ஆனாலும் போய் இறங்கியவுடன் உங்கள் மகள் ஏமாறக்கூடும். மேசைக்கு மெசா, கரண்டிக்கு குச்சாரா, காலணிக்கு சபாத்தோஸ், திங்கட்கிழமைக்கு லூனெஸ் என்பார்கள். மணி இரண்டு என்றால் அலாஸ் தோஸ், ஐம்பது பெசோ என்றால் சிங்குவெந்தா. நலமா என்று கேட்கும் "குமுஸ்தா"வும் ஸ்பானிஷ் "கோமோ எஸ்தா"தான். இவை கடன் சொற்கள். நாமும் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று போர்த்துகீசியச் சொற்களை அன்றாடம் புழங்குகிறோம். அதனால் லிஸ்பனில் நமக்குப் பேச வந்துவிடாது. மணிலாவிலும் அதே கதைதான்.

சில சொற்கள் பொருள் மாறியும் போயிருக்கின்றன. ஸ்பானிஷில் "செகுரோ" என்றால் உறுதியானது. தகாலோகில் "சிகுரோ" என்றால் ஒருவேளை. "சியெம்ப்ரே" ஸ்பானிஷில் எப்போதும், தகாலோகில் "கண்டிப்பாக, பின்னே என்ன" என்ற தொனி. "குபேத்தா" ஸ்பானிஷில் வாளி, தகாலோகில் கழிப்பறை. தொடக்க நிலையில் இருக்கும் மாணவி சுற்றிக் கேட்பதை வைத்துப் பழகினால் இந்தப் பிழைகள் வேரோடு பதிந்துவிடும். பிறகு தேர்வில் பேச்சுப் பகுதியில்தான் வெளிப்படும்.

பெயர்களைப் பார்த்தும் முடிவு கட்டாதீர்கள். 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா, வரி வசூலுக்கும் மக்கள் கணக்குக்கும் வசதியாக, குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு ஊர் ஊராகப் பக்கம் பிரித்து அனுப்பினார். அதனால்தான் சில ஊர்களில் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பெயர் ஸ்பானிஷாக இருப்பதால் ஸ்பானிய வம்சம் என்றோ, வீட்டில் அந்த மொழி இருந்தது என்றோ பொருளில்லை.

மொழி ஏன் பரவவில்லை? ஸ்பெயினிலிருந்து மிகத் தொலைவு. 1821 வரை நிர்வாகமே மெக்சிகோ வழியாக நடந்தது. குடியேறிய ஸ்பானியர் சொற்பம். பாதிரிமார் மக்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்காமல் தாங்களே உள்ளூர் மொழிகளைக் கற்றார்கள். 1593இல் மணிலாவில் அச்சான வேதபாடநூலில் தகாலோகும் அதன் பழைய எழுத்தும் இடம்பெற்றன. 1578இல் கொல்லத்தில் தமிழில் வேதபாடம் அச்சான அதே நூற்றாண்டு, அதே அணுகுமுறை. ஊர்தோறும் தொடக்கப் பள்ளி, அதில் ஸ்பானிஷ் என்ற ஆணை 1863இல்தான் வந்தது. அடுத்த 35 ஆண்டில் ஸ்பெயினே போய்விட்டது, நாடு அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கினார்கள், பள்ளி ஆங்கிலத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது 1945 பிப்ரவரியில் மணிலாவுக்காக நடந்த சண்டையில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்த இந்த்ராமுரோஸ், எர்மித்தா, மலாத்தே பகுதிகள் தரைமட்டமாயின. பேச்சு வழக்கில் எஞ்சியிருந்ததும் அதோடு மெலிந்தது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மகளோடு பேசும்போது இதையும் சொல்லுங்கள். ஸ்பெயினை எதிர்த்து அந்த நாட்டை உருவாக்கியவர்கள் எழுதியது ஸ்பானிஷில். ஹோசே ரிசாலின் இரண்டு நாவல்களும் (1887, 1891) ஸ்பானிஷ். 1899இல் மலோலோஸில் இயற்றிய முதல் குடியரசின் அரசமைப்பும் ஸ்பானிஷ். தேசிய கீதத்தின் முதல் வரிகளும் அதே ஆண்டில் ஹோசே பால்மா எழுதிய ஸ்பானிஷ் கவிதைதான். 1956ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 1425 ரிசாலின் வாழ்வையும் எழுத்தையும் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்கியது. இன்று கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் அவரை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். எங்களை அடக்கி ஆண்டவர்களின் மொழி என்று தள்ளுவோரும், எங்கள் புரட்சியின் மொழி என்று அணைப்போரும் அங்கே இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டாம் தரப்பில் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். தன் நாட்டின் பிறப்புச் சான்றிதழை மூலத்தில் படிக்க முடியாமல் போவது சின்ன இழப்பு இல்லை.

அந்த இழப்பைத் தடுக்க அரசு முயன்றது. 1952ஆம் ஆண்டின் மகலோனா சட்டம் கல்லூரிகளில் 12 யூனிட் ஸ்பானிஷைக் கட்டாயமாக்கியது. 1957ஆம் ஆண்டின் குவெங்கோ சட்டம் சட்டம், வணிகம், கலை, கல்வியியல் போன்ற பிரிவுகளுக்கு அதை 24 யூனிட் ஆக்கியது. பிறகு குறைத்தார்கள், 1987இல் கட்டாயமே நின்றது. ஒரு யூனிட் என்பது ஒரு பருவம் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம். பருவத்துக்கு 16 வாரம் என்று வைத்தால் 24 யூனிட் சுமார் 380 மணி நேரம். சரியாகக் கற்பித்தால் நடுத்தர நிலையைத் தாண்டிவிடக்கூடிய நேரம் அது. ஆனாலும் ஒரு தலைமுறையே பட்டம் வாங்கியும் பேச வராமல் வெளியே வந்தது. வினைத் திரிபுகளையும் செய்யுளையும் மனப்பாடம் செய்தார்கள், பேச வகுப்பில் இடமில்லை, வகுப்புக்கு வெளியே ஆளில்லை. உங்கள் மகள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் இதே பள்ளம் காத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் மொத்த மணி நேரத்தைப் பார்க்காதீர்கள், வாய் திறந்து பேசும் மணி நேரம் எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்படியானால் மணிலா யாருக்குச் சரி? வரலாறு, ஆவணக் காப்பு, சட்ட வரலாறு, ஆசிய-ஸ்பானிய உறவு என்று ஆய்வுப் பக்கம் மனம் போகிறவர்களுக்கு. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்பானியர் காலத்து ஏடுகள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுடைய குற்றவியல் சட்டத்தில் இன்றும் தண்டனைகளின் பெயர்கள் "ரெக்லுசியோன் பெர்பெத்துவா", "பிரிசியோன் மயோர்" என்று ஸ்பானிஷிலேயே இருக்கின்றன. 1611இல் தொடங்கிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் மணிலாவில்தான் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் திலிமான் வளாகத்தில் ஐரோப்பிய மொழிகள் பட்டப்படிப்பில் ஸ்பானிஷ் ஒரு பிரிவு. இங்கே ஸ்பானிஷ் ஒரு வாசிப்பு மொழி. உங்கள் மகளுக்குப் பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் உலகிலேயே அருமையான இடம்.

பேசி வேலை வாங்க வேண்டும் என்றால் கணக்கு வேறு. மணிலா, செபு கால் சென்டர்களில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிடக் கூடுதல் சம்பளம் உண்டு, உண்மைதான். ஆனால் லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசுவது அந்த வேலை. ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2, சில இடங்களில் சி1 நிலை எதிர்பார்ப்பார்கள், போனிலேயே பேச வைத்துச் சோதிப்பார்கள். அதோடு, இந்தியக் குடிமகளுக்கு மாணவர் விசாவில் அந்த வேலை கிடையாது. தொழிலாளர் துறையின் வெளிநாட்டவர் பணி அனுமதியும், நிறுவனம் எடுத்துத் தரும் 9-ஜி விசாவும் வேண்டும். 2009 முதல் சில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானிஷ் விருப்பப் பாடமாகத் திரும்பியிருக்கிறது. அதனால் வரும் ஆசிரியர் பணியையும் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உரிமத் தேர்வு எழுதும் அந்நாட்டவருக்கானது.

ஏஜென்ட் இன்னொன்றும் சொல்லக்கூடும்: "பிலிப்பைன்ஸ் வழியாகப் போனால் ஸ்பெயினில் இரண்டே ஆண்டில் குடியுரிமை." ஸ்பானிய உரிமையியல் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அந்தச் சலுகை இருக்கிறது, பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு. அங்கே படித்தவருக்கு அல்ல. இந்தியருக்குப் பொது விதியான 10 ஆண்டுதான். இதைக் காட்டிக் கட்டணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தெற்கே சம்போவாங்கா நகரில் சவகானோ பேசுகிறார்களே என்று மகள் கேட்கலாம். அது ஸ்பானிஷ் சொற்களும் உள்ளூர் இலக்கணமும் கலந்து பிறந்த தனி மொழி. "த கோமே" உண்கிறான், "ய கோமே" உண்டான், "அய் கோமே" உண்பான். ஸ்பானிஷின் வினைத் திரிபே இல்லை. மொழியியல் படிப்போருக்குப் பொக்கிஷம், ஸ்பானிஷ் கற்கப் போகிறவருக்குக் குழப்பம். மருத்துவம் படிக்க தாவாவோ செபுவோ போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே நோயாளி பேசுவது பிசாயா. ஸ்பானிஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அதைக் கற்றுக்கொள்ளட்டும்.

தேர்வுச் சான்று பற்றி. எல்லோரும் ஏற்பது, ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்திதூதோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே தேர்வு. அதற்குக் காலாவதி இல்லை. கணினி வழித் தேர்வான சியெலேக்கு 5 ஆண்டு ஆயுள். டெலே பி2இல் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் ஒரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வேண்டும். வாசிப்பு-எழுத்தில் 48 எடுத்து, கேட்டல்-பேச்சில் 28 எடுத்தால் தோல்விதான். இலக்கணம் நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். பி2க்கு ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேரம் வகுப்பும் பயிற்சியும் என்று திட்டமிடுங்கள்.

செர்வாந்தெஸ் நிலையம் மணிலாவிலும் உண்டு, டெல்லியிலும் உண்டு. பட்டமாகவே படிக்க டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் இஃப்ளு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் இளங்கலை இருக்கிறது. பேச்சு வேலைதான் குறி என்றால் இவற்றையே முதலில் பாருங்கள்.

மணிலாதான் என்று முடிவானால் காகித வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். முழுநேரப் பட்டப்படிப்புக்கு 9-எஃப் மாணவர் விசா, வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த மொழி வகுப்புக்கு, சுற்றுலா விசாவோடு குடியேற்றத் துறையின் சிறப்புப் படிப்பு அனுமதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான விசாவில் போய்த் தவிப்பவர்கள் உண்டு. மதிப்பெண் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக, நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். பிலிப்பைன்ஸ் 2019 முதல் அதை ஏற்கிறது. சேரும் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று குடியேற்றத் துறையின் பட்டியலில் நீங்களே பாருங்கள், ஏஜென்ட் காட்டும் நகலை நம்ப வேண்டாம்.

இப்போதைக்குப் பணம் எதுவும் கட்டாதீர்கள். இணைய வழியில் 60 மணி நேர ஏ1 வகுப்பு ஒன்றில் மகளைச் சேருங்கள், மூன்று மாதத்தில் முடியும். முடித்ததும் ரிசாலின் ஒரு பக்கத்தை மூலத்தில் எடுத்து அகராதியோடு உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் ஸ்பானிஷ் பேசும் ஒருவரோடு 20 நிமிடம் இணையத்தில் உரையாடச் சொல்லுங்கள். எதில் நேரம் போனதே தெரியவில்லை என்கிறாளோ அதை எனக்கு எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அதற்குப் பிறகு எடுப்போம்.