பெயர் நின்ற இடத்தில் ஊரைக் கேளுங்கள்

கேள்வி: எள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் பிறந்த ஊர், ஆண்டு மூன்றும் கிடைத்துவிட்டன. இரண்டு வருடமாகத் தேடியும் அதற்கு முந்தைய தலைமுறை அகப்படவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: பெயரைத் தேடுவதைச் சில மாதம் நிறுத்திவிட்டு அந்த ஊரின் வரலாற்றைப் படியுங்கள். காணவில்லை என்று கைவிட்ட பதிவு பல சமயம் வேறொரு அலுவலகத்தில், வேறொரு மொழியில் பத்திரமாக இருக்கும்.

முதலில், அந்த ஆண்டில் ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1869இல் பிறந்து 1946இல் இறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது அது பிரான்ஸ், 1871இல் ஜெர்மனி, முதல் உலகப் போருக்குப் பின் மீண்டும் பிரான்ஸ், 1940இல் நாஜி ஜெர்மனி பிடித்துக்கொண்டது, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து முடித்தவருக்கும் பிறப்புப் பதிவு பிரெஞ்சில், திருமணப் பதிவு ஜெர்மனில் இருக்கும். பிரெஞ்சில் ழான் என்று எழுதப்பட்டவர் ஜெர்மனில் யோகான் ஆகியிருப்பார்.

நாள்கணக்கும் காலை வாரும். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஒரு தேவாலயப் பதிவேட்டில் 1740 ஏப்ரலில் திருமணம், 1740 பிப்ரவரியில் அத்தம்பதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கண்டால் திடுக்கிட வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1741. இது தெரியாதவர் குழந்தையை வேறொரு தம்பதிக்குப் பிள்ளையாக்கிவிடுவார். அங்கிருந்து வம்ச மரம் முழுக்கப் பிசகும்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது, ஒரு வெறும் தேதிக்குப் பின்னால் ஒரு தெருவே எழுந்து நிற்கும் தருணம். 1854 செப்டம்பர் முதல் வாரம், லண்டன் சோஹோவில் ஒரு மரணம். பிராட் தெரு அடிபம்பின் நீரால் அங்கே காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ வற்புறுத்தியதால் செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதைப் படித்தபின் அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏன் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஊகிக்க வழி பிறக்கும். ஆனாலும் ஊரில் காலரா வந்தது வேறு, உங்கள் முன்னோர் காலராவில் இறந்தது வேறு. இங்கிலாந்தில் 1837இல் தொடங்கிய குடிமைப் பதிவில், அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் பதிவேட்டில், இறப்பின் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு நான் அதிகம் நம்புவது அக்கம்பக்கத்தைத்தான். மக்கள் தனியாகக் குடிபெயர்ந்ததைவிட உறவோடும் தொழிலோடும் சேர்ந்து போனதே அதிகம். எள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் யார்? அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? அந்த ஊரின் பதிவேட்டில் உங்கள் குடும்பப் பெயரைத் தேடுங்கள், ஒலிக்கும் விதமாகவெல்லாம் எழுத்துக்கூட்டி.