கழற்றி அளக்கும் வரை விலை பேசாதீர்கள்

வண்டி வைத்தியம்: வாசகர் கேள்விகளுக்குக் கோவையில் 34 ஆண்டுகளாக இன்ஜின் பட்டறை நடத்துபவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்களுடையது 2009-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். என் கணவர் வாங்கியது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி இதுவரை 86,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. போன மாதம் குன்னூருக்குப் போகும்போது பர்லியாறு தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டியை ஓட்டிய என் அண்ணன் மகன் ஒதுங்க இடம் தேடியபடியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டான். ஆவி பறக்க நின்றதும் கையிலிருந்த தண்ணீரை ஊற்றினோம். மீண்டும் கிளப்பியபோது வெள்ளைப் புகை வந்தது. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மோர் போல வெளிறியிருந்தது. "இன்ஜின் போய்விட்டது. பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாற்றினால் 45,000 ரூபாய், இதையே முழுதாகப் பிரித்துச் செய்தால் 60,000" என்கிறார். இருக்கிற நிலையிலேயே 35,000-க்கு எடுத்துக்கொள்வதாக இன்னொருவர் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் விற்றுவிடச் சொல்கிறான். மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போகத்தான் பெரும்பாலும் எடுப்போம். ஆர்.சி.யை 2024-இல் புதுப்பித்துவிட்டோம். இத்தனை ஆண்டுகளாக ரேடியேட்டருக்கு வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தோம். என்ன செய்யலாம்?
— வாசகி, அவிநாசி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. ஓர் அளவுகூட இல்லை. இன்ஜினை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மூடியின் அடியில் மோர் போல இருப்பது ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கான அடையாளம். அதிலிருந்து இன்ஜினே போய்விட்டது என்ற முடிவுக்கு வர முடியாது. இந்த நிலையில் வண்டியை இனி ஒருமுறைகூடக் கிளப்ப வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை அரித்துவிடும். அந்த ஆயிலை இன்றே வடித்துவிடச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் வண்டி வயதுள்ள சிறிய கார்கள் பலவற்றில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறும்போது போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் விரிய இடமில்லாமல் வளைகிறது. இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட் நசுங்கி வழிவிடுகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு பக்கம் ஆயிலுக்குள்ளும் மறுபக்கம் சிலிண்டருக்குள்ளும் போகிறது. நீங்கள் பார்த்த மோரும் வெள்ளைப் புகையும் இதுதான். இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஹெட் வேலை மட்டுமே. மெக்கானிக் சொன்ன தொகைகளில் பாதியைக்கூட அது எட்டாது.

நின்றிருக்கிறதா என்பதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஹெட்டை இறக்கி, சுத்தம் செய்து, நேர்விளிம்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். சிறிய இன்ஜின்களுக்குப் பொதுவாக 0.05 மில்லிமீட்டர் வளைவு வரை அனுமதி. தலைமுடியைவிட மெல்லிய அளவு அது. அதற்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்து சமப்படுத்தலாம். ஆனால் எவ்வளவு சீவலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இதே சோதனையை பிளாக்கின் மேல்முகத்துக்கும் செய்ய வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கசிவுச் சோதனை. ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். குமிழி வந்தால் விரிசல் இருக்கிறது. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, அதனால் உங்கள் ஹெட்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம். இதில் எனக்கு ஒரு வடு உண்டு. 1998 கார்த்திகையில், சபரிமலை சவாரிகள் காத்திருக்கின்றன என்று ஒரு டாக்சிக்காரர் அவசரப்படுத்தினார். நான் ஃபேசிங் மட்டும் செய்து, தொட்டியில் அமிழ்த்தாமல் அனுப்பிவிட்டேன். இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவில் மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. மூன்றாவது வாரம் மீண்டும் ஆயிலில் தண்ணீர். அவருடைய சீசன் வருமானமே போய்விட்டது. வேலையை என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். ஆனால் போன நாட்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அன்று முதல் என் பட்டறையிலிருந்து எந்த ஹெட்டும் தொட்டியில் இறங்காமல் வெளியே போவதில்லை.

மூன்றாவதாக, ஹெட் இறங்கியதும் சிலிண்டர் சுவர்களை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக, மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நல்ல செய்தி. மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் கீறல்கள் இருந்தால், பிஸ்டன் சூட்டில் விரிந்து சுவரைப் பிடித்திருக்கிறது. அப்போது ஹெட் வேலை மட்டும் செய்வது பண விரயம். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இனி முடிவுக்கு வருகிறேன். சுவரும் பேரிங்கும் நன்றாக இருந்தால் யோசிக்காமல் பழுது பாருங்கள். ஹெட்டில் விரிசல் இருந்தால்கூட ஹெட்டை மட்டும் மாற்றினால் போதும். 86,000 கிலோமீட்டர் என்பது நன்றாகப் பராமரித்த பெட்ரோல் இன்ஜினுக்குப் பாதி வயதுகூட இல்லை. சுவரில் கீறல் இருந்தால்தான் உங்கள் மகனின் பேச்சைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது இன்ஜினை விட்டுவிட்டு வண்டியின் உடம்பைப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டையும், முன் சக்கரங்களுக்கு மேலே சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் 35,000-க்குக் கொடுத்துவிடுங்கள். உடம்பு திடமாக இருந்தால், முழு வேலை செய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் ஆர்.சி. 2029 வரை செல்லும். அதன்பின் மீண்டும் புதுப்பிக்கலாம். ஆனால் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அதையும் கணக்கில் வையுங்கள். இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். வழக்கமான பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

பழைய இன்ஜின் வாங்கி மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ நல்ல இன்ஜின் கிடைக்காது என்று சொல்லவில்லை. அது என்ன பாடுபட்டு அங்கே வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, அதுதான் காரணம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், அளந்து காட்டச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ரசீதும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கான ஆவணமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் எண் மாறுவதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செய்வதுதான் முறை. அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் காரில் இருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். வண்டி ஏன் சூடேறியது? உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியில் பெரும்பாலும் விடை இருக்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டர் குழாய்களுக்குள் கெட்டிலின் அடியில் படிவது போலப் படிந்து வழியை அடைக்கும். சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்று உதவுவதால் அது தெரிவதில்லை. மலையில் இரண்டாவது கியரில், மெதுவாக, முழு பாரத்தோடு ஏறும்போது தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். குன்னூரின் 1,850 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் நல்ல மூடிதான் அந்தக் கொதிநிலையை 115 டிகிரிக்குத் தள்ளி வைக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்விசிறி சுற்றுகிறதா, சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பாருங்கள். அடைத்த ரேடியேட்டரை அப்படியே வைத்துவிட்டுப் புத்தம் புதிய இன்ஜினைப் பூட்டினாலும், அதுவும் இதே பர்லியாற்றில் நிற்கும்.

கேள்வி: கோடையில் சூடேறக் கூடாது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இது சரியா?
— வாசகர், விருதுநகர்

பதில்: சரியில்லை. அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாக நீண்ட நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஆயிலில் கசடு சேரும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, எதிர்பார்த்ததற்கு மாறாகச் சூடு கூடும். பழையது வேலை செய்கிறதா என்று தெரிய, ஒரு நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வால்வு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி காரில் போகிறேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் முள் ஏறினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: உடனே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வெளியே தள்ளும். அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். முள் சிவப்பிலேயே இருந்தால் நல்ல இடத்துக்குக் காத்திருக்காமல் ஓரத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். முகத்தில் கொதிநீர் பட்டு வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, உச்சிக்குப் போன முள் ஓடும்போதே சட்டென்று கீழே இறங்கினால் குளிர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கூலன்ட் முழுவதும் வெளியேறி, உணரி வெறும் ஆவியில் நின்றாலும் முள் இறங்கும். அந்த நிமிடமே நிறுத்துங்கள்.