ஏழே மூவில் ஜெயித்த அப்பா

கேள்வி: சார், எனக்கு 19 வயது. எட்டு வயதிலிருந்து செஸ் ஆடுகிறேன், ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) 1700க்கு மேல். அப்பாவுக்கு 54 வயது, லாரி பட்டறையில் கணக்கு எழுதுகிறார். என்னைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தே ஆட்டம் கற்றுக்கொண்டவர். போன மாதம் முதல் தடவையாக ஒரு ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடும்) போட்டிக்குப் பெயர் கொடுத்தார். இரண்டாவது ரவுண்டில், ரேட்டிங் உள்ள ஒரு கல்லூரி மாணவரை, ராணியையே கொடுத்துவிட்டு ஏழாவது மூவில் மேட் செய்துவிட்டார் (ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிந்தது). மொத்தம் 7 ரவுண்டில் 3 புள்ளிதான். ஆனால் நான் வாங்கிய எந்தக் கோப்பைக்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஸ்டேட்டஸ் வைத்தேன், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். கூட ஆடும் நண்பர்களோ, "அது பழைய ட்ராப்டா, அவன் கவனிக்கல, இதுக்குப் போய் இவ்வளவா" என்கிறார்கள். நான் அதிகமாகப் பெருமைப்படுகிறேனா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: இல்லை தம்பி, கொஞ்சமும் இல்லை.

நீங்கள் அனுப்பிய மூவ்களை போர்டில் வைத்துப் பார்த்தேன். நண்பர்கள் சொல்வதில் பாதி சரி, இது பழசுதான். 1750 வாக்கில் பாரிஸில் லெகால் என்பவர் இப்படி ஜெயித்ததால் இன்றும் லெகால் மேட் என்றே பெயர். அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஃபிலிடோருக்கே ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் பழசு என்பதாலேயே சுலபம் என்று ஆகிவிடாது.

அந்த நிலையை மறுபடி ஒரு தடவை பாருங்கள். எதிராளியின் மந்திரி (பிஷப்) உங்கள் அப்பாவின் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறது, குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும், அதனால் அது அசையாது என்று பையன் நம்பி, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நிதானமாகத் தள்ளுகிறான். அப்பா அந்தக் குதிரையை எடுத்து நடுவில் இருந்த சிப்பாயை வெட்டுகிறார். பையன் ராணியை எடுக்கிறான். அப்புறம் மந்திரி செக், ராஜா ஒரு படி முன்னால் வருகிறது, இரண்டாவது குதிரை வந்து உட்கார்ந்ததும் மேட்.

அவன் ராணியை எடுக்காமல் குதிரையை வெட்டியிருந்தால்? அப்பாவின் ராணி அந்த மந்திரியை எடுத்திருக்கும், கணக்குப் பார்த்தால் அவருக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆனால் எதிராளியின் ராணிப் பக்கத்துக் குதிரை மட்டும் வெளியே வந்து நடுச் சிப்பாயைக் காவல் காத்திருந்தால் கதையே வேறு. அது அப்பாவின் குதிரையை வெட்டிவிட்டு, அங்கிருந்தே தன் மந்திரியையும் காப்பாற்றியிருக்கும், அப்பா ஒரு காயை இழந்து நின்றிருப்பார். ட்ராப்பை மனப்பாடம் செய்தவர்கள் விழுகிற இடம் இதுதான், என் மாணவர்களே விழுந்திருக்கிறார்கள். அந்தக் குதிரை இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை என்று பார்த்த பிறகுதான் உங்கள் அப்பா ராணியை விட்டிருக்கிறார். கடிகாரம் ஓடுகிற ரேபிட்டில், வாழ்க்கையின் இரண்டாவது போட்டி ஆட்டத்தில், 54 வயதில் ராணியை விட்டுக் கொடுக்கக் கை வர வேண்டுமே! எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

சீக்கிரம் தோற்றவனும் ஒன்றும் சாதாரணமானவன் இல்லை என்பதை நண்பர்களிடம் சொல்லுங்கள். விஸ்வநாதன் ஆனந்த், கிராண்ட்மாஸ்டர் ஆன அதே 1988ல், பீல் போட்டியில் கொலம்பியாவின் அலோன்சோ சபாடாவிடம் ஆறே மூவில் தோற்றார். சபாடா தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார், ஆனந்தின் குதிரைக்குத் தப்பிக்க வழியில்லை, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனந்துக்கே நடந்தது யாருக்கும் நடக்கும். ஆனால் எதிராளி தப்பு செய்கிற அந்த ஒரு நொடியில் பார்க்கத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அது சபாடாவுக்கும் பொருந்தும், உங்கள் அப்பாவுக்கும் பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு. "என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தே ஆட்டம் கற்றுக்கொண்டவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. நம் ஊர்ப் போட்டிகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம், ரவுண்டு ஆரம்பித்ததும் பெற்றோர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வராந்தாவில் தண்ணீர் பாட்டில், டிஃபன் பாக்ஸ், மடித்த செய்தித்தாளோடு அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வெளியே வருகிற முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும், ஒன்றும் கேட்க மாட்டார்கள். பத்துப் பதினோரு வருஷம் அப்படி உட்கார்ந்தவர் ஒருநாள் உள்ளே போய் உட்கார, வெளியே காத்திருந்தது நீங்கள். அந்தச் சந்தோஷத்தை அளக்க ரேட்டிங் கணக்கெல்லாம் போதாது தம்பி.

செஸ்ஸில் பெற்றோரைப் பற்றிப் பேசினால் எப்போதும் பிள்ளைக்காக அவர்கள் செய்ததைத்தான் பேசுகிறோம். ஆனந்துக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தது அவர் அம்மா சுசீலா, பிரக்ஞானந்தாவோடு ஊர் ஊராகப் போகிறவர் அவர் அம்மா நாகலட்சுமி. எல்லாம் சரி. ஆனால் 2022ல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் (நாடுகளின் அணிகள் மோதும் போட்டி) நடந்தபோது எனக்கு மறக்காமல் நிற்பது ஸ்வீடன் பெண்கள் அணி. முதல் போர்டில் பியா க்ராம்லிங், அதே அணியில் அவர் மகள் அன்னா. பியாவுக்கு அப்போது 59 வயது, 1992லேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். தன்னைவிடப் பாதி வயது உள்ளவர்களோடும் ஆடி, 11 ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்து, முதல் போர்டுக்கான தங்கத்தை வாங்கினார். அம்மா தங்கம் வாங்குவதை அதே அணியில் இருந்து பார்க்கிற மகள்! நீங்களும் ஸ்டேட்டஸ் வையுங்கள், தாராளமாக.

ஒரு வேலை மட்டும் உடனே செய்யுங்கள். ரேபிட்டில் மூவ்களை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் அப்பாவின் ஆட்டத்துக்கு ஸ்கோர் ஷீட் இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு நல்ல நோட்டில் தேதி, ரவுண்டு, போர்டு எண்ணோடு அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூவிலும் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். மற்ற ஆறு ஆட்டத்தையும் நினைவிருக்கிற வரைக்கும் சேர்த்து, முக்கியமாகத் தோற்றவற்றை.

கேள்வி (அதே வாசகர்): அப்பா இனிமேல் தொடர்ந்து ஆட முடியுமா? அவர் வயதுக்காரர்களுக்குத் தனியாகப் போட்டி உண்டா?

பதில்: உண்டு. உலக சீனியர் போட்டி 1991லிருந்து நடக்கிறது, 2014 முதல் 50 வயதுக்கு மேல், 65 வயதுக்கு மேல் என்று இரண்டு பிரிவு. உங்கள் அப்பா முதல் பிரிவில் வருவார். அதில் ஆட ரேட்டிங் கட்டாயம் இல்லை, ஆனாலும் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அதற்கு ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், எல்லாம் ஒரே போட்டியில் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கே 1400இல்தான் தொடங்குகிறது, அந்த அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். போன மாதப் போட்டி ரேட்டிங் போட்டிதானா, அந்த 7 ரவுண்டில் எத்தனை பேருக்கு ரேட்டிங் இருந்தது என்று ரிசல்ட் பட்டியலில் பார்த்து எனக்கு எழுதுங்கள்.